மலிவான துப்பாக்கியின் விலை

பொருளியல் பயிலும் மாணவர்கள் முதலாண்டிலேயே சந்திக்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: துப்பாக்கியா, வெண்ணெயா? ஒரு நாட்டிடம் உள்ள உழைப்பும் மூலப்பொருளும் அளவானவை; துப்பாக்கி கூடுதலாக வேண்டுமென்றால் வெண்ணெயைக் குறைத்தாக வேண்டும். 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். ஆனால், அந்த வரைபடம் ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. எப்படிப்பட்ட துப்பாக்கி? பல்லாண்டு உழைக்கும்படி பக்குவமாகக் கடைந்தெடுத்த ஒன்றா? அல்லது அதே செலவில் பத்துக்கு மேல் செய்துவிடக்கூடிய, ஆனால் சில வேளைகளில் சுடாமல் போகக்கூடிய ஒன்றா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோருக்கு, 1914 முதல் 1945 வரை பிரிட்டிஷ் காலாட்படை ஏந்திய ஆயுதங்களின் வரலாறு நல்லதொரு பாடநூல். தொழில்வளம் மிக்க ஒரு நாடு, அமைதிக் காலத்தில் மிச்சப்படுத்தியதைப் போர்க் காலத்தில் எந்த நாணயத்தில் திருப்பிச் செலுத்தியது என்பதற்கான கணக்கேடு அது. அந்த நாணயங்கள் மூன்று: பணம், காலம், உயிர். ஒன்றில் சேமித்தது மற்றொன்றில் கடனாக நிற்கும். அந்தக் கடனைத் தீர்ப்பவர் பெரும்பாலும் சேமித்தவர் அல்லர். இதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்துத் தோட்டா ரைபிள்

பிரிட்டிஷ் காலாட்படை என்றதும் நினைவுக்கு வருவது லீ-என்ஃபீல்டு ரைபிள். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பொறியமைப்பும், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இயங்கிய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையும் சேர்ந்து அதற்குப் பெயர் தந்தன. 1895இல் அது படையில் சேர்ந்தது. 1903இல் குட்டை வடிவம் பெற்றது. 1907இல் வந்த ‘மார்க் 3’ வகை முதல் உலகப் போருக்குச் சென்றது. அதன் தோட்டாவின் அளவு 0.303 அங்குலம். நம் நாட்டுக் காவலர்கள் பல தலைமுறைகளாக ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைத்தது இதைத்தான்.

ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் தாழ்ப்பாளைக் கையால் திருப்பி இழுத்து, முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். ஆயினும், ஜெர்மானிய மௌசர் ரைபிளில் 5 தோட்டாக்கள் இருந்தபோது இதில் 10 இருந்தன. தாழ்ப்பாளை இயக்குவதும் விரைவு. 300 கெஜத் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி ஒரு நிமிடத்தில் 15 முறை சுடுவது, போருக்கு முந்தைய படைவீரருக்கான தேர்வுகளுள் ஒன்று. அத்திறமை பல்லாண்டுப் பயிற்சியால் விளைந்த மனித மூலதனம். 1914ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்தச் சிறிய தொழில்முறைப் படையின் பெரும்பகுதி பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அழிந்துபோனது. ரைபிளைப் புதிதாகச் செய்ய முடிந்தது; அதை அவ்வாறு இயக்கத் தெரிந்தவரை அத்தனை விரைவில் உருவாக்க முடியவில்லை.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. 0.303 தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே துருத்தி நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அவ்விளிம்புகள் ஒன்றோடொன்று சிக்கும். இக்குறையை நீக்க, 1913இல் 0.276 அங்குலத் தோட்டாவும் அதற்கேற்ற புதிய ரைபிளும் சோதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே போர் மூண்டது; மாற்றம் கைவிடப்பட்டது. போருக்குப் பின் மலைபோல் தேங்கிக் கிடந்த தோட்டா இருப்பும், வெறுமையான கருவூலமும் மாற்றத்தைத் தடுத்தன. பொருளியலில் இதைப் ‘பாதைச் சார்பு’ என்போம். 1880களில் எடுத்த ஒரு முடிவு, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பிரிட்டிஷ் வீரரின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

தகர டப்பாவில் வெடிகுண்டு

1914 ஆகஸ்டில் பிரிட்டனிடம் உலகின் மிகப்பெரும் கடற்படை இருந்தது. அதன் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றுக்கு இருந்த இயந்திரத் துப்பாக்கிகளோ இரண்டே. போர்த் துறை அமைச்சர் கிச்சனரின் அழைப்பை ஏற்று, அவ்வாண்டு முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். அவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை. பலர் மரக்கட்டைகளை ஏந்திப் பயிற்சி பெற்றனர். காக்கித் துணி போதவில்லை. நீலச் சீருடை வழங்கப்பட்டது. தோட்டாப் பைகளையும் நீர்க்குடுவையையும் முதுகுப்பையையும் தாங்கும் பட்டைகள் 1908 முதல் பருத்தி நூலால் அழுத்தமாக நெய்யப்பட்டு வந்தன. அவற்றை நெய்யும் திறன் படையின் தேவைக்கு எட்டாததால், தோலால் ஆன ‘1914 வகை’ பட்டைகள் அவசரமாக உருவாக்கப்பட்டன.

பதுங்குகுழிப் போருக்குக் கையெறி குண்டு இன்றியமையாதது. பிரிட்டனிடம் அப்போதிருந்த குண்டுக்கு நீண்ட பிரம்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. குறுகிய பதுங்குகுழியில் நின்று அதை வீசக் கையைப் பின்னுக்கு ஓங்கினால், குண்டு பின்சுவரில் மோதி எறிபவரையே கொல்லக்கூடும். அதனால் வீரர்கள் ஜாம் வந்த தகர டப்பாக்களில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்துத் தாங்களே குண்டு செய்துகொண்டனர். பர்மிங்ஹாமில் வார்ப்பாலை நடத்திய வில்லியம் மில்ஸ் 1915இல் உருவாக்கிய குண்டு இந்த அவலத்துக்கு முடிவு கட்டியது. வார்ப்பிரும்பு உறை, பாதுகாப்பு ஊசி, கையிலிருந்து விடுபடும்போது தெறிக்கும் நெம்புகோல் ஆகியவை கொண்ட மில்ஸ் குண்டு, கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டது.

தலைக்கவசத்தின் கதையும் அத்தகையதே. 1914இல் வீரர்கள் துணித்தொப்பியோடு போருக்குச் சென்றனர். மேலிருந்து வெடித்துச் சிதறும் பீரங்கிக் குண்டுகள் தலைகளைத் துளைத்தன. ஜான் பிரோடி 1915இல் காப்புரிமை பெற்ற தலைக்கவசம், ஒரே எஃகுத் தகட்டை ஒரே அழுத்தில் கிண்ணமாக்கிச் செய்யப்பட்டது. பிரெஞ்சுத் தலைக்கவசம் பல துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது. பிரோடியின் வடிவமோ எளிது, விரைவு, உறுதியும் கூடுதல். ஆயினும் தொடக்கத்தில் எல்லோருக்கும் போதவில்லை. முன்வரிசைப் பதுங்குகுழியில் சில வைக்கப்பட்டன; காவல் முடித்துத் திரும்புவோர் அடுத்து வருவோரிடம் தலைக்கவசத்தைக் கொடுத்துச் செல்வர். எல்லோருக்கும் கிடைக்க 1916ஆம் ஆண்டின் கோடைக்காலம் வரை ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களின் விலை பணத்தில் செலுத்தப்படவில்லை.

1915 மே மாதம் ‘டைம்ஸ்’ நாளேடு பீரங்கிக் குண்டுப் பற்றாக்குறையை அம்பலப்படுத்தியது. அரசு ஆட்டங்கண்டு கூட்டணி அரசாயிற்று. போர்த்தளவாட அமைச்சகம் ஒன்று லாயிட் ஜார்ஜின் தலைமையில் உருவானது. தனியார் ஆலைகளும் பெண் தொழிலாளர்களும் பெருமளவில் ஆயுத உற்பத்திக்குள் வந்தது அதன் பின்னரே. லீ-என்ஃபீல்டு ரைபிளும் எளிமையாக்கப்பட்டது. தோட்டாப் பெட்டியை மூடிவைக்கும் தகடு, நெடுந்தொலைவுக் குறிபார்க்கும் அமைப்பு ஆகியவை நீக்கப்பட்டன. ரைபிள் முன்போலவே சுட்டது. அமைதிக் காலத்தில் இன்றியமையாதவை எனக் கருதப்பட்டவற்றுள் எவை உண்மையில் தேவையற்றவை என்பதைப் பற்றாக்குறைதான் காட்டிக்கொடுத்தது.

உயர்ந்த தரம் தந்த தோல்வி

அப்படியானால் மலிவைவிடத் தரமே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? கனடாவின் ராஸ் ரைபிள் வேறு பாடம் சொல்கிறது. சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்த அந்த ரைபிள், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் புகழ்பெற்றது. துல்லியத்தில் அது லீ-என்ஃபீல்டுக்குக் குறைந்ததன்று. கனடாவின் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் அதைத் தம் நாட்டின் பெருமையாகவே கருதினார்.

1915 ஏப்ரலில் இப்ரே நகரையொட்டி நடந்த இரண்டாம் போரில், நச்சுவாயுத் தாக்குதலுக்கு இடையே கனடிய வீரர்கள் அந்த ரைபிளோடு நின்றனர். சேறு படிந்ததும், தொடர்ந்து சுட்டதால் சூடேறியதும் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. சிலர் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க முயன்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ராஸ் ரைபிளை வீசிவிட்டு, மாண்ட பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டனர். அமைச்சரின் பிடிவாதத்தை மீறி அது விலக்கப்பட 1916 ஆயிற்று. பின்னர் அதே ரைபிள், மறைந்திருந்து சுடுவோரின் கையில் சிறப்பாகப் பணிபுரிந்தது.

ஆகவே, தரம் என்பது பொருளுக்குள் மட்டும் குடியிருக்கும் பண்பன்று. எந்த இடத்தில், யார் கையில், எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்தே அதை அளக்க வேண்டும். போட்டித் திடலுக்கான தரத்தைப் பதுங்குகுழிக்குக் கொண்டுசென்றதே கனடா கொடுத்த விலைக்குக் காரணம்.

பத்தாண்டு விதி

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு கடனில் மூழ்கியிருந்தது. 1919 ஆகஸ்டில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: அடுத்த 10 ஆண்டுகளுக்குப் பெரும்போர் எதிலும் பேரரசு ஈடுபடாது என்ற அனுமானத்தில் படைச் செலவுகளைத் திட்டமிட வேண்டும். இதுவே ‘பத்தாண்டு விதி’. 1919-20இல் 76.6 கோடி பவுண்டாக இருந்த பாதுகாப்புச் செலவு, 1932இல் ஏறத்தாழ 10.2 கோடியாகச் சுருங்கியது. போர் முடிந்த பின் செலவு குறைவது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால், 1928இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அந்தப் பத்தாண்டு நாள்தோறும் புதிதாகத் தொடங்கும்படி விதியை மாற்றினார். அதாவது, போர் எப்போதும் 10 ஆண்டுத் தொலைவிலேயே நிற்கும். 1932இல்தான் அவ்விதி கைவிடப்பட்டது.

விதியைக் கைவிடுவது ஒரு நாள் வேலை. கைவிட்ட திறனை மீட்பது அப்படியல்ல. ஆயுதத் தொழிற்சாலைக்கு வேண்டிய கருவி செய்வோரும், அளவுமானி செய்வோரும், தேர்ந்த கடைசல் தொழிலாளரும் ஆணை பிறப்பித்தவுடன் முளைப்பவர்கள் அல்லர். புதிய இலகு இயந்திரத் துப்பாக்கி தேவைப்பட்டபோது, பிரிட்டன் வெளிநாட்டு வடிவங்களையும் சோதித்துப் பார்த்து, செக்கோஸ்லோவாகியாவின் பர்னோ நகர ஆலையின் வடிவத்தைத் தேர்ந்தது. பர்னோவின் முதலெழுத்துகளும் என்ஃபீல்டின் முதலெழுத்துகளும் சேர்ந்து ‘பிரென்’ என்றாயிற்று. 0.303 தோட்டாவின் துருத்திய விளிம்புக்கு இடங்கொடுக்க, அதன் தோட்டாப் பெட்டி பிறைபோல் வளைந்தது. என்ஃபீல்டில் உற்பத்தி 1937 செப்டம்பரில் தொடங்கியது. 1939 மார்ச்சில் பர்னோ ஆலை ஹிட்லரின் கைக்குப் போனது.

பிரென் அருமையான ஆயுதம், நம்பிக்கைக்குரியது. ஆனால், ஒன்றின் விலை ஏறத்தாழ 40 பவுண்டு. எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து கடைந்து எடுக்க வேண்டிய வேலை. டாங்கிகளை எதிர்க்க 1937இல் ஏற்கப்பட்ட 0.55 அங்குல பாய்ஸ் ரைபிளோ, 1940இல் ஜெர்மானிய டாங்கிகள் தடித்தபோது பயனிழந்துபோனது.

டன்கர்க்குக்குப் பின்

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,226 வீரர்கள் மீட்கப்பட்டனர். ஆட்கள் திரும்பினர், ஆயுதங்கள் திரும்பவில்லை. ஏறத்தாழ 2,500 பீரங்கிகளும், 60,000க்கும் மேற்பட்ட ஊர்திகளும், எண்ணற்ற ரைபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும் கைவிடப்பட்டன. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் ஜெர்மானியப் படை நின்றது.

அந்நாள்களில் உள்ளூர்க் காவற்படையில் சேர்ந்த லட்சக்கணக்கானோரில் பலர் வேட்டைத் துப்பாக்கியோடும் வெறுங்கையோடும் நின்றனர். அமெரிக்காவிலிருந்து முதல் உலகப் போர்க்கால ரைபிள்கள் 5 லட்சத்துக்கு மேல் வந்தன. அவற்றின் தோட்டா வேறு அளவு என்பதால், தவறிப்போய் 0.303 தோட்டாவை ஏற்றிவிடாதிருக்க மரப்பகுதியில் சிவப்புப் பட்டை தீட்டப்பட்டது. 1941இல், ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஈட்டியாவது இருக்கட்டும் என்ற பொருளில் சர்ச்சில் எழுதியதைப் போர்த் துறை சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது. எஃகுக் குழாயில் பழைய பயனெட் கத்தியைப் பற்றவைத்து, 2.5 லட்சம் ஈட்டிகளுக்கு ஆணை பிறந்தது. இயந்திரப் போரின் நூற்றாண்டில் ஈட்டியா என்று மக்கள் கொதித்தனர். பெரும்பாலானவை கிடங்கைவிட்டு வெளியே வரவில்லை. பத்தாண்டு விதியை நீட்டித்தவரும், ஈட்டியேனும் கொடுங்கள் என்று எழுத நேர்ந்தவரும் ஒருவரே. வரலாறு இத்தனை நேராகக் கணக்குத் தீர்ப்பது அரிது.

உற்பத்தியை ஓரிடத்தில் குவிப்பதன் ஆபத்தும் விரைவில் தெரிந்தது. 1940 நவம்பர் 19 இரவு, ரைபிள் தயாரித்துவந்த பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு உள்ளானது. இரவுப் பணியில் இருந்த 53 தொழிலாளர்கள் மாண்டனர்.

ஸ்டென்

இந்தச் சூழலில் பிறந்ததுதான் ஸ்டென் துப்பாக்கி. நெருங்கிய சண்டைக்கேற்ற சிறு இயந்திரத் துப்பாக்கி பிரிட்டனிடம் இருக்கவில்லை. அமெரிக்காவின் தாம்சன் 1939இல் 200 டாலருக்கு மேல் விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 50 பவுண்டு. டாலர் இருப்போ கரைந்துகொண்டிருந்தது. மேஜர் ரெஜினால்டு ஷெப்பர்டும் ஹரோல்டு டர்பினும் வடிவமைத்து, 1941 ஜனவரியில் செய்துகாட்டிய புதிய ஆயுதம், அவ்விருவரின் பெயர்களின் முதலெழுத்துகளையும் என்ஃபீல்டின் முதலிரு எழுத்துகளையும் பெயராகப் பெற்றது. அதன் விலை 2 முதல் 3 பவுண்டு. ஒரு தாம்சனின் விலையில் 15க்கும் மேற்பட்ட ஸ்டென்கள்.

ஓர் எஃகுக் குழாய், உள்ளே ஒரு கனத்த தாழ்ப்பாள், ஒரு சுருள்வில், பக்கவாட்டில் செருகும் தோட்டாப் பெட்டி, கம்பியாலோ குழாயாலோ ஒரு தோள்தாங்கி. பெரும்பாலான பாகங்கள் தகட்டை அழுத்தியும் பற்றவைத்தும் செய்யக்கூடியவை. ஆகவே, துப்பாக்கித் தொழிலை அறியாத சிறு பட்டறைகளும் அவற்றைச் செய்தன. இதன் மூன்றாம் வகையை லட்சக்கணக்கில் செய்து கொடுத்த லைன்ஸ் பிரதர்ஸ், ‘டிரை-ஆங்’ பொம்மைகளுக்குப் பெயர்போன நிறுவனம். நார்வேயிலும் டென்மார்க்கிலும் விடுதலைப் போராளிகள் மறைவிடப் பட்டறைகளில் ஸ்டென்னைச் செய்துகொண்டனர். போரின் இறுதி மாதங்களில் ஜெர்மனியே அதைப் பார்த்துத் தனக்கொன்று செய்யும் நிலைக்கு வந்தது. மொத்த உற்பத்தி ஏறத்தாழ 40 லட்சம்.

அதே தத்துவம் மற்ற ஆயுதங்களுக்கும் பரவியது. புதிய ‘4ஆம் எண்’ லீ-என்ஃபீல்டு, எளிதில் செய்யும்படி திருத்தப்பட்டு, பிரிட்டனின் மூன்று ஆலைகளிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் உற்பத்தியானது. அதன் பயனெட் வெறும் கூர்முனைக் கம்பியாகச் சுருங்கியது. அதைச் செய்தவற்றுள் ஒன்று, நம் வீடுகளிலும் தையல் இயந்திரமாக அறிமுகமான சிங்கர் நிறுவனத்தின் ஸ்காட்லாந்து ஆலை. பிரென் துப்பாக்கியின் எளிய வடிவத்தை, அச்செழுத்துக் கோக்கும் இயந்திரங்களைச் செய்த மோனோடைப் நிறுவனத்தின் தலைமையிலான ஆலைகள் தயாரித்தன.

ஆனால், ஸ்டென்னை ஏந்திய வீரர் அதை எப்படி அழைத்தார்? மலிவுப் பொருள் கடையான உல்வொர்த்தின் பெயரால் ‘உல்வொர்த் துப்பாக்கி’. ‘குழாய்ப் பணியாளரின் கெட்ட கனவு’. தோட்டாக்கள் பெட்டிக்குள் இரண்டு வரிசையாக நின்று, வாயருகே ஒற்றை வரிசையாகக் குறுக வேண்டும். வாய்விளிம்பு சற்றே வளைந்தாலும், தூசி படிந்தாலும் தோட்டா சிக்கும். 32 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியில் 28 அல்லது 30 மட்டும் இடுவது வீரர்கள் தாமாகக் கற்ற பாடம். கீழே விழுந்தால் தாழ்ப்பாள் அதிர்ச்சியில் பின்னே சென்று திரும்பி, தானே சுட்டுவிடும். அவ்வாறு தோழரையோ தன்னையோ காயப்படுத்தியவர்கள் உண்டு.

1942 மே 27 அன்று பிராக் நகரின் ஒரு வளைவில், நாஜி ஆட்சியாளர் ஹைட்ரிக்கின் கார் வேகம் குறைந்தது. பிரிட்டனில் பயிற்சி பெற்று வான்குடையில் இறங்கியிருந்த யோசப் கப்சிக் முன்னே பாய்ந்து ஸ்டென்னின் விசையை அழுத்தினார். அது சுடவில்லை. அவருடைய தோழர் யான் குபிஷ் வீசிய குண்டே ஹைட்ரிக்கைக் காயப்படுத்தியது. ஜூன் 4 அன்று ஹைட்ரிக் இறந்தார். பிரிட்டனுக்குத் தன் மிகச் சிறந்த துப்பாக்கி வடிவத்தை வழங்கிய நாட்டின் மைந்தன் கையில், பிரிட்டனின் மிக மலிவான துப்பாக்கி பொய்த்துப்போனது.

யார் செலுத்தினார்?

அப்படியானால் ஸ்டென் தவறான முடிவா? இல்லை என்பதே என் கருத்து. 1941இல் பிரிட்டன் முன் இருந்த தேர்வு, நல்ல துப்பாக்கியா மோசமான துப்பாக்கியா என்பதன்று. ஸ்டென்னா, ஈட்டியா என்பது. காலமே மிக அரிதான வளமாகிவிட்ட நிலையில், பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும் ஆயுதத்தைத் தேர்ந்தது அறிவுடைமை. தவறு அதற்குமுன், காலம் மலிவாகக் கிடைத்தபோது நிகழ்ந்தது. தாம்சனின் விலையே இதற்குச் சான்று. வடிவத்தை எளிமையாக்கிப் பேரளவில் செய்யத் தொடங்கியதும், 200 டாலராக இருந்த அதன் விலை 1944 வாக்கில் 45 டாலர் அளவுக்கு இறங்கியது. அவகாசம் இருந்தால் தரமும் மலிவும் ஓரளவு கைகோக்க முடியும். அவகாசத்தை விற்றுவிட்டவருக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

குறையுள்ள ஆயுதத்தின் மீதிக் கணக்கை வீரர் தன் உடலால் தீர்த்தார். 1943இல் களத்துக்கு வந்த ‘பியட்’ எனும் டாங்கி எதிர்ப்புக் கருவி ஏறத்தாழ 15 கிலோ எடை. அதன் கனத்த சுருள்வில்லை முறுக்கி ஏற்ற முழு உடல்வலுவும் வேண்டும். 100 மீட்டருக்குள் நெருங்கினால்தான் டாங்கியைத் தாக்கும் நம்பிக்கை. மலிவு, எளிமை, ஆபத்து மூன்றும் ஒன்றாய் அமைந்த அக்கருவியோடு, 1944 ஜூனில் மணிப்பூரின் நிந்தௌகோங் அருகே கூர்க்கா படைப்பிரிவின் கஞ்சு லாமா தவழ்ந்து முன்னேறினார். கையிலும் காலிலும் காயம்பட்ட நிலையில் ஜப்பானிய டாங்கிகள் இரண்டை அவர் அழித்தார். விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. கருவியின் குறையை மனிதரின் துணிவு ஈடுசெய்யும்போது நாம் பதக்கம் அளிக்கிறோம். அந்தக் குறை எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

பணக் கணக்கிலும் இந்தியா இருக்கிறது. இந்தியப் படையும் இந்திய ஆலைகளும் போருக்கு வழங்கியவற்றுள் பெரும்பகுதிக்கு லண்டன் உடனே பணம் தரவில்லை. அது ‘ஸ்டெர்லிங் நிலுவை’யாக ஏட்டில் ஏறியது. போர் முடிந்தபோது அது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. அந்த நிலுவைக்கு ஈடாக இந்தியாவில் ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன, விலைவாசி ஏறியது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது, போர்க்காலப் பணவீக்கம் அதன் காரணங்களுள் முக்கியமானது என்பதை அமர்த்தியா சென் விளக்கியுள்ளார். மாண்டவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணை ஆணையம். சென்னின் மதிப்பீடு 30 லட்சத்தை ஒட்டியது. துப்பாக்கிக்கும் வெண்ணெய்க்கும் இடையிலான தேர்வில், வெண்ணெயை இழப்பவரும் துப்பாக்கியைத் தேர்பவரும் ஒருவரே என்று பாடநூல் கருதிக்கொள்கிறது. வங்காளத்து உழவுக் கூலியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நம் கையில் எஞ்சியது

வங்காளத்தின் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போரிலும் பழைய மார்க் 3 வகையையே தொடர்ந்து செய்தது. விடுதலைக்குப் பின் 1960களில் அதே வடிவத்தில் 7.62 மில்லிமீட்டர் ரைபிளையும் அது உருவாக்கியது. ராணுவம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு மாறியபோது, பழையவை மாநிலக் காவல் துறைகளுக்கு வந்து சேர்ந்தன. நல்ல ரைபிள், எளிதில் பழுதாகாது, ஏற்கெனவே கையில் இருப்பது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை தயாரிப்போருக்கு மாற்றத்தைத் தள்ளிப்போட இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

2008 நவம்பர் 26 இரவு, மும்பையின் சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளோடு புகுந்த பயங்கரவாதிகளுக்கு எதிரே நின்ற காவலர்கள் சிலரிடம் இருந்தது அந்தப் பழைய த்ரீ நாட் த்ரீதான். பழுதில்லாத ரைபிள்தான் அது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய போருக்கு ஏற்றது. உத்தரப் பிரதேசக் காவல் துறை அதற்கு முறைப்படி விடைகொடுத்தது 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாளில். பத்தாண்டு விதி எந்தக் கோப்பிலும் எழுதப்படாமலேயே இங்கு நடைமுறையில் இருந்திருக்கிறது.

ஆயுதங்களுக்குக் கூடுதலாகச் செலவிடுங்கள் என்று வாதிடுவது என் நோக்கமன்று. வெண்ணெய் போதாத நாட்டில் அவ்வாறு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நான் கேட்பது கணக்கில் நேர்மை. படைக் கருவியோ, அரசு மருத்துவமனையின் சுவாசக் கருவியோ, தூய்மைப் பணியாளரின் கையுறையோ, எதையேனும் இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்று முடிவு செய்யும்போது, மிச்சமாகும் தொகை கோப்பில் தவறாமல் பதிவாகிறது. தள்ளிப்போட்டதைப் பின்னர் அவசரத்தில் வாங்க ஆகும் செலவும், அதுவரை குறையுள்ள கருவியோடு நிற்கப்போகிறவர் யார் என்பதும் பதிவாவதில்லை. அவ்விரண்டையும் அதே கோப்பில், மிச்சத் தொகைக்கு அடுத்த வரியில் எழுதும் வழக்கத்தை நம் நிதித் துறைகள் கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் தள்ளிப்போடுவதே சரி என்று தோன்றலாம். அப்போது அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.